பிளஷர் காருக்கு டீசல் எஞ்சின்

கொங்குப் பக்கத்தில் வயசானவர்கள் பேச்சில் இன்னும் ஒரு சொல் மிச்சமிருக்கிறது: பிளஷர். 'அவங்க அப்பாரு காலத்துலயே ஊட்டுல பிளஷர் நின்னுச்சுங்க' என்று சொன்னால், அந்த வீட்டின் நிலம், பஞ்சு, மில் பங்கு எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம். வாடகைக்கு ஓடுகிற வண்டி வேறு, சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் வண்டி வேறு என்று பிரிப்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. நம்ம ஊருக்கு வந்ததும் 'உபயோகம்' உதிர்ந்துபோய் சந்தோஷம் மட்டும் தங்கிவிட்டது.

அந்த பிளஷர்களில் நிறைய அமெரிக்க வண்டிகள். ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ், பிளிமத், ப்யூக், ஸ்டூடிபேக்கர். முன்சீட்டில் மூன்று பேர், பின்சீட்டில் மூன்று பேர், குழந்தைகள் கணக்கில் வராது. அமெரிக்காவில் இந்த அளவு வண்டிக்கு 'ஃபுல் சைஸ்' என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், 1960ஐ ஒட்டி அங்கே சின்னக் கார்கள் வரும்வரை அந்தப் பெயருக்கே தேவை இருக்கவில்லை. அதற்கு முன்னால் செவர்லே என்றால் வெறும் கார், அவ்வளவுதான். நமக்கோ அது எப்போதும் 'பெரிய கார்'. வால்பக்கம் இறக்கை விரித்த மாடல்கள் வந்த பிறகு 'படகு கார்'.

இந்தக் கட்டுரை அந்தக் கார்களின் அழகைப் பற்றியது அல்ல. இன்ஸ்டாகிராமில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். இந்த வண்டிகள் இங்கே எப்படி உயிரோடு இருந்தன, அவற்றின் பானெட்டுக்குள் என்னென்ன நடந்தது, இன்று பழைய கார்களை நேசிக்கிறவர்கள் அதை ஏன் கொஞ்சம் கூச்சத்தோடு மறைக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

*

முதல் கேள்வி, ஏன் அமெரிக்கக் கார்? ஆண்டவன் பிரிட்டிஷ்காரன். ஆஸ்டினும் மோரிஸும்தானே வரிசைகட்டி நின்றிருக்க வேண்டும்?

வந்தன, நின்றன. ஆனால் இங்கிலாந்துச் சாலை வேறு, தாராபுரத்துச் சாலை வேறு. அந்த நாட்டில் குதிரைத்திறனைக் கணக்குப் போட்டு வரி வசூலித்ததால் பிரிட்டிஷ் கம்பெனிகள் சின்ன எஞ்சினையே செய்தன. அமெரிக்காவில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே பெட்ரோல் மலிவு, தூரம் அதிகம், கிராமச் சாலை முழுக்கச் சேறும் வண்டித்தடமும். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் (1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி விற்றது) அந்த ஊர் விவசாயிக்காகச் செய்தது. தரையிலிருந்து உயரமாக நிற்கும். 2.9 லிட்டர் எஞ்சினில் வெறும் 20 குதிரைத்திறன். ஆனால் மெதுவாக, முக்காமல் இழுக்கும். மாட்டுவண்டி போட்ட தடத்தில் காங்கேயத்துக்கும் பல்லடத்துக்கும் போக வேண்டியவனுக்கு வேறென்ன வேண்டும்? அயோவா மாகாணத்துச் சோளக்காட்டுக்காரனும் கொங்கு நாட்டுப் பருத்திக்காட்டுக்காரனும் ஒரே வண்டியைத் தேர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

1926இல் ஃபோர்டு இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தாவில் வண்டியைப் பூட்டி விற்றது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை திறந்தது. பெட்டியில் உதிரியாக வந்து இறங்கும், இங்கே மாட்டுவார்கள். பஸ், லாரி என்றால் இன்னும் எளிது. சேஸிஸ், எஞ்சின், ஸ்டீயரிங் மட்டும் வரும். மேலே இருக்கிற உடம்பை நம்மூர்த் தச்சரும் கொல்லரும் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். தேக்குச் சட்டம், தகரம், ஆணி. இன்று கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுகிற தொழில் பெரிதாக நிற்கிறதே, அதன் வேர் இந்தப் பழக்கத்தில் இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: அமெரிக்க வண்டி இங்கே வந்த நாளிலிருந்தே அது பாதி வண்டி. மீதியை இந்த ஊர் செய்தது. கை வைக்காத 'ஒரிஜினல்' என்ற பேச்சே அப்போது இல்லை.

ஜி.டி. நாயுடுவின் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து 300 ரூபாய்க்கு அதை வாங்கி, முதல் வேலையாக அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டவர். பிறகு ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கொடுத்த கடனில் ஒரு பஸ் வாங்கி 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அது யூ.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். அவரைத் தனி மேதையாகக் கும்பிட்டு நிறுத்திக்கொள்வது நம்ம வழக்கம். எனக்கென்னவோ, வாங்கியதைப் பிரித்துப் பார்ப்பது அந்த ஊரின் குணம், அவர் அதன் பெரிய உதாரணம் என்றுதான் படுகிறது.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது? கிணற்றிலிருந்து.

கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநிழல். வருஷத்துக்கு அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர் பெய்தால் பெரிசு. காவிரி, பவானி, அமராவதி பாயாத இடமெல்லாம் கிணற்றுப் பாசனம். மாடு கட்டிக் கவலை இறைத்தவர்கள் ஆயில் எஞ்சினுக்கு மாறினார்கள். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மோட்டார் பம்புக்கு மாறினார்கள். ஆயில் எஞ்சின் நின்றுவிட்டால் பயிர் காய்ந்துவிடும். கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் நாலு ஊருக்கு ஒரு பட்டறை, பட்டறைக்கு ஒரு லேத், பக்கத்திலேயே ஒரு பவுண்டரி.

இதில் காருக்கு என்ன சம்பந்தம்? செவர்லேயின் அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சினில் கனெக்டிங் ராடு பேரிங் தனிச் சாமானாகக் கழன்று வராது. ஒயிட் மெட்டல் என்கிற ஈயநிற உலோகக் கலவையை உருக்கி ஊற்றி, கடைந்து, நீல மை தடவிப் பார்த்து, சுரண்டிச் சுரண்டிப் பொருத்த வேண்டும். 1953 வாக்கில்தான் செவர்லே அந்த முறையைக் கைவிட்டது. கிணற்றடி ஆயில் எஞ்சினுக்கும் இதே வேலைதான். காலையில் பம்பு எஞ்சினுக்கு மெட்டல் ஊற்றியவர் மத்தியானம் பிளஷர் காருக்கு ஊற்றினார். டெட்ராய்ட்டில் செய்த எஞ்சினும் தோட்டத்துக் கிணற்று எஞ்சினும் ஒரே கையில் பழகின.

*

நாற்பதுகளின் கடைசியும் ஐம்பதுகளின் தொடக்கமும் இந்தக் கார்களுக்குப் பொற்காலம். போர் முடிந்துவிட்டது, கரி வாயுவில் பஸ் ஓட்டிய கஷ்டகாலம் போய்விட்டது. மில்கள் ஓடுகின்றன. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ, அதற்குப் பிறகு வந்த பட்சிராஜா ஸ்டூடியோ என்று கோவை ஒரு சினிமா ஊராகவும் இருந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி பம்பாய் குர்லாவில் 1947 முதல் கிரைஸ்லர் வண்டிகளைப் பூட்டியது. டாட்ஜ், டிசோட்டோ, பிளிமத் என்று மூன்று பெயர். முகப்புக் கிரில்லையும் எழுத்தையும் மாற்றினால் உள்ளே ஏறக்குறைய ஒரே வண்டி. வாங்கினவர்கள் மட்டும் டாட்ஜ்தான் உசத்தி, பிளிமத்தான் உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டிக்கொண்டிருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கத்துப் பிளிமத்தின் எஞ்சின் 3.6 லிட்டர், 97 குதிரைத்திறன். அம்பாசிடரின் 1489 சிசியோடு வைத்துப் பாருங்கள். ஆனால் அது முரட்டு எஞ்சின் அல்ல. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே கீழே இருக்கும். மேலே தட்டையான ஒரு மூடி, அதனால்தான் ஃப்ளாட்ஹெட் என்று பெயர். அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலையும் தட்டாமல் குடிக்கும். குன்னூர் மலையில் இரண்டாவது கியரில் போட்டால் பேசாமல் ஏறும். அவ்வளவு சத்தமில்லாத எஞ்சின்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. 1953இல் டாரிஃப் கமிஷன் ஒரு பரிந்துரை செய்தது: உதிரியை இங்கேயே படிப்படியாகச் செய்யத் திட்டம் வைத்திருக்கிற கம்பெனி மட்டும் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்கிறவர்கள் கிளம்பலாம். 1954க்குள் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிவிட்டன. முந்தைய வருஷம்தான், 1952இல், ஜி.டி. நாயுடு 2000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகிற ஒரு பெட்ரோல் கார் செய்து காட்டியிருந்தார். அதற்கும் லைசென்ஸ் கிடைக்கவில்லை. அமெரிக்காக்காரனையும் அனுப்பியாயிற்று, கோயம்புத்தூர்க்காரனையும் விடவில்லை. சுதேசித் தொழிலை வளர்க்கும் கொள்கைக்கு நான் எதிரியில்லை. ஆனால் அந்த வருஷங்களைத் திரும்பிப் பார்க்கும்போது கோபம் வராமல் இருப்பதில்லை.

பிரீமியர் மட்டும் இன்னும் சில வருஷம் பிளிமத், டாட்ஜ் செய்துவிட்டு ஃபியட்டுக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு புதிய அமெரிக்கக் கார் வேண்டுமென்றால் ஒரே வழி, தூதரகக்காரர்கள் ஓட்டிவிட்டு விட்டுப்போகும் வண்டியை அரசின் எஸ்.டி.சி. வழியாக வாங்குவது. இம்பாலாக்கள் அப்படித்தான் வந்தன. 1959ஆம் வருஷத்து இம்பாலா 5.3 மீட்டருக்கும் மேல் நீளம். அம்பாசிடரைவிட ஒரு மீட்டர் அதிகம். சினிமாக்காரர்களும் பெரும் பணக்காரர்களும் வாங்கினார்கள். எம்.ஆர். ராதா தன் இம்பாலாவில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் காரை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட விமர்சனம் வேறு இல்லை.

*

கதவு சாத்தியாயிற்று என்றால் உதிரியும் வராது என்று அர்த்தம். இங்கேதான் கொங்கு நாட்டின் கதை சூடுபிடிக்கிறது.

பிஸ்டனுக்குப் பெரிய கவலை இல்லை. சென்னையில் 1949லேயே இந்தியா பிஸ்டன்ஸ் வந்துவிட்டது. அளவு பொருந்தாவிட்டால் சிலிண்டரைப் போர் அடித்து லைனர் போட்டுக்கொள்ளலாம். பிளிமத்துக்கு இன்னொரு அதிர்ஷ்டம்: பிரீமியரின் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் வந்த பெட்ரோல் எஞ்சின் அதே குடும்பம்; லாரிச் சாமான் சிலது காருக்கும் ஒத்துவந்தது. 6 வோல்ட் பேட்டரியை 12 வோல்ட்டாக மாற்றினார்கள். பழைய செவர்லேகளில் வைப்பர் எஞ்சினின் உறிஞ்சு சக்தியில் ஓடும். மலை ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உறிஞ்சு குறைந்து வைப்பர் நின்றுவிடும். மழையில் மலையேறும்போது வைப்பர் நின்றால் எப்படி இருக்கும்? அம்பாசிடரின் மின்சார வைப்பர் மோட்டாரைப் பொருத்தினார்கள். இதெல்லாம் சில்லறை வேலை. எந்த ஊரிலும் நடக்கும்.

பெரிய வேலை எழுபதுகளில் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடி பெட்ரோல் விலையைத் தூக்கி எறிந்தது. லிட்டருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகிற வண்டியை வைத்திருப்பவன் என்ன செய்வான்? மூன்று வழி. தோட்டத்தில் கட்டுத்தறிக்குப் பக்கத்தில் நிறுத்திவிடலாம். கோழி முட்டை வைக்கும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கோ சென்னைப் புதுப்பேட்டைக்கோ எடைக்குப் போடலாம். அல்லது டீசல் எஞ்சின் ஏற்றலாம்.

சென்னை சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களை ஐம்பதுகளிலிருந்தே செய்துகொண்டிருந்தது. லாரியிலும் டிராக்டரிலும் படகிலும் பம்பிலும் அது இருந்தது. ஆறு சிலிண்டர் பி6 என்றால் 4.7 லிட்டர், நாலு சிலிண்டர் பி4 என்றால் 3.1 லிட்டர். இதைப் பிளிமத்தில் ஏற்றுவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கட்டுரையின் உயிர் இங்கேதான்.

முதலில் இடம். ஃப்ளாட்ஹெட் நீளமானது ஆனால் குள்ளமானது, பெர்கின்ஸ் உயரம். அமெரிக்கக் காரின் பானெட் பத்தாயம் மாதிரி இருப்பதால் உள்ளே போய்விடும். அந்த வெட்டி அகலமும் உயரமும் யாருக்கு ஆடம்பரமாகத் தெரிந்ததோ, பட்டறைக்காரர் அதையே வசதியாகப் பார்த்தார். அடுத்தது, எஞ்சினின் பின்பக்கத்து போல்ட்டுத் துளைகளும் காரின் கியர்பாக்ஸ் துளைகளும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் ஓர் இரும்புத் தகடு வேண்டும்: ஒரு பக்கம் பெர்கின்ஸ் துளைகள், மறுபக்கம் பிளிமத் துளைகள், நடுமையம் நூல் பிசகாமல். அடாப்டர் பிளேட் என்பார்கள். மையம் அரை மில்லிமீட்டர் விலகினால் கியர்பாக்ஸின் முன் பேரிங் கொஞ்ச நாளில் அழுதுவிடும். மாதிரிக்கு அட்டையில் துளையை ஒற்றி எடுத்து, பவுண்டரியில் வார்த்து, லேத்தில் கடைவார்கள். இதற்கு எந்தக் கம்பெனியும் வரைபடம் கொடுக்கவில்லை.

எடை இன்னொரு தொல்லை. டீசல் எஞ்சின் கனம். முன்பக்கம் தாழும், ஸ்டீயரிங் பாறையாகும். காயில் ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வைத்துத் தூக்குவார்கள், அல்லது வேன் ஸ்பிரிங்கைத் தேடி மாற்றுவார்கள். கடைசியாக வேகம். பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 3600 சுற்று சுற்றும். டீசலைச் சங்கடமில்லாமல் ஓட்டினால் 2200. பின் ஆக்ஸில் விகிதம் ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. சக்கரத்தின் சுற்றளவோடு பெருக்கிப் பார்த்தால் டாப் கியரில் மணிக்கு 70, 75 கிலோமீட்டரோடு கதை முடிந்தது. அதற்கு மேல் அடித்தால் எஞ்சின் கத்தும். 120 தாண்டிய கார் இப்போது லாரி வேகத்தில். அந்தச் சாலைகளுக்கு அது போதும் என்று விட்டவர்கள் உண்டு. கிரவுன் பினியனை மாற்றி விகிதத்தைக் குறைத்தவர்களும் உண்டு.

முடிவில் கிடைத்தது என்ன? தூரத்திலிருந்து பார்த்தால் பிளிமத். பக்கத்தில் வந்தால் டிராக்டர் சத்தம். ஐடிலில் கதவுக் கண்ணாடி கடகடவென்று ஆடும், டாஷ்போர்டு பேசும். ஆனால் ஒரு லிட்டருக்கு முன்னைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஓடும். எண்ணெயும் மலிவு. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போகும், பின்டிக்கியில் மூட்டை போகும். பிறகு மாட்டடார் வேன் எஞ்சின் கிடைத்தபோது அதையும் ஏற்றினார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்தது.

ஹவானா தெருக்களில் ஓடும் பழைய செவர்லேகளின் புகைப்படத்தைப் பார்த்து நாம் உருகுகிறோம் இல்லையா? அங்கேயும் இதே கதைதான். 1960க்குப் பிறகு அமெரிக்கத் தடையால் உதிரி வரவில்லை. ரஷ்ய எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஏற்றிக்கொண்டார்கள். க்யூபாவில் இதை மக்களின் சாமர்த்தியம் என்று உலகம் கொண்டாடுகிறது. கலிஃபோர்னியாவில் 1932ஆம் வருஷத்து ஃபோர்டைக் கிழித்துப் பெரிய எஞ்சின் வைத்தால் ஹாட் ராட் என்று பெயர், அதற்குத் தனிப் பத்திரிகைகளே உண்டு. அவர்கள் வேகத்துக்காக மாற்றினார்கள், நாம் மைலேஜுக்காக. நம்முடையதற்கு மட்டும் பெயரே இல்லை. 'டீசல் கன்வெர்ஷன் பண்ணுன வண்டிங்க' என்று தலையைச் சொறிந்துகொண்டு சொல்கிறோம்.

வேகத்துக்கும் இந்த ஊரில் ஆள் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ். கரிவரதன் (1954-1995) கோவையில் பந்தயக் கார்களைச் செய்து சோழவரத்தில் ஓட்டினார். மாருதி 800இன் எஞ்சினை வைத்து அவர் செய்த ஃபார்முலா மாருதி வண்டிகள்தான் எண்பதுகளின் கடைசியிலிருந்து எத்தனையோ இளைஞர்களுக்கு முதல் பந்தயக் கார். செட்டிபாளையத்துப் பந்தயத்தடம் அவர் பெயரில் இருக்கிறது. வீட்டுச் சாமான் ஏற்றுகிற எஞ்சினைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனவரும் லாரி எஞ்சினைப் பிளிமத்துக்குக் கொண்டுவந்தவரும் ஒரே தெருக்காரர்கள் என்றே எனக்குத் தோன்றும்.

*

பழைய காரை அழகுக்காகவே வைத்துக்கொள்ளும் ஆசை இந்தியாவில் அமைப்பாகத் தொடங்கியது அறுபதுகளில். டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இல் விண்டேஜ் கார் ஊர்வலத்தை ஆரம்பித்தது. கோவைக்கு அந்த ஆசை முழுசாக வந்தது கையில் காசும் நேரமும் சேர்ந்த பிறகு. 2015இல் அவிநாசி சாலையில் ஜி.டி. குடும்பத்தார் திறந்த கார் அருங்காட்சியகம் அதற்கு ஓர் அடையாளம். பல நாட்டு வண்டிகளை வரிசையாக, துடைத்து, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வண்டிகளும் உண்டு. போகாதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள், அரை நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய ஆர்வலர்களிடம் இருக்கிற அறிவு அசாத்தியமானது. எந்த வருஷத்து டாட்ஜில் எந்த போல்ட்டின் தலையில் என்ன குறி என்று சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து ரப்பர் பீடிங்கும் கதவுப் பிடியும் வரவழைப்பார்கள். கொங்கு நாட்டு வண்டிகளைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவதற்கும் காரணம் இருக்கிறது: கடற்காற்று இல்லை, மழை கம்மி, தகரம் துருப்பிடிப்பது குறைவு. சென்னையில் கால்மிதி அடியில் தரை தெரியும். இங்கே ஐம்பது வருஷத்து வண்டியிலும் அடித்தகடு உறுதியாக இருக்கும்.

ஆனால் பானெட்டைத் திறந்ததும் முகம் சுண்டிவிடுகிறது. உள்ளே பெர்கின்ஸ். 'அய்யோ, கெடுத்துட்டாங்களே!' அடுத்த வேலை, அதைக் கழற்றி எறிவது. அடாப்டர் பிளேட்டும் சேர்ந்து பழைய இரும்புக்குப் போகிறது. எங்கிருந்தோ ஒரு ஃப்ளாட்ஹெட்டைத் தேடிப் பிடித்து ஏற்றுகிறார்கள். அந்த எஞ்சின் இந்த வண்டியோடு எந்தக் காலத்திலும் ஓடியதில்லை என்றாலும் அது 'ஒரிஜினல்'.

2021இல் இதற்குச் சட்டமும் சேர்ந்துகொண்டது. மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிக்குத் தனிப் பிரிவு வைத்தது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி, பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள். கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது தவிர வேறெதற்கும் சாலையில் ஓட்டக்கூடாது. எல்லாம் சரி. நிபந்தனை ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது.

அரசு ஏன் இப்படி எழுதியது என்று புரிகிறது. நேற்று வெல்டிங் அடித்த வண்டியைக் கொண்டுவந்து விண்டேஜ் என்று நீட்டுவார்கள், அதைத் தடுக்க வேண்டும். நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். நாற்பது வருஷம் ஒரு குடும்பத்தைக் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் சுமந்த வண்டி, அந்த டீசல் எஞ்சின் இல்லாவிட்டால் 1975லேயே உக்கடத்தில் எடைக்குப் போயிருக்கும். எது அதைக் காப்பாற்றியதோ அதுவே இப்போது அதன் குறை. கட்டுத்தறியில் கோழி அடைகாத்த வண்டி பாரம்பரியச் சின்னம். ஓடி உழைத்த வண்டி கலப்படம்.

என் கட்சி என்னவென்று மறைக்க வேண்டியதில்லை. கோயிலில் சோழர் கட்டிய கருவறைக்கு முன்னால் நாயக்கர் மண்டபம் நிற்கிறது. அதை இடித்துவிட்டு 'அசல்' கோயிலைக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை, இரண்டையும் படிக்கிறோம். பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட ஏசியையும் ஸ்டீரியோவையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எழுபதுகளில், எண்பதுகளில் பெயர் தெரியாத ஒரு லேத்துக்காரர் கடைந்த தகட்டைச் சொல்கிறேன். டெட்ராய்ட்டில் லட்சக்கணக்கில் செய்த எஞ்சின் உலகம் பூராவும் கிடைக்கும். அந்தத் தகடு உலகத்தில் ஒன்றுதான்.

ஆர்வலர்கள் சொல்கிற பதிலையும் சொல்லிவிட வேண்டும். டீசல் அதிர்வு பாடியின் வெல்டிங்கைத் தளர்த்துகிறது, முன் ஆக்ஸில் தேய்கிறது, வண்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் எடுக்கத்தான் வேண்டும் என்பார்கள். பல வண்டிகளில் அது உண்மை. ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நல்ல ஃப்ளாட்ஹெட்டின் அமைதி வேறு ரகம். அது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. எடுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன்னால் போட்டோ பிடியுங்கள், அளவெடுங்கள், எந்தப் பட்டறை என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். தகட்டை எடைக்குப் போடாதீர்கள். கணபதியிலும் பீளமேட்டிலும் சத்தி ரோட்டிலும் பட்டறை வைத்திருந்த அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயசு. பட்டறை இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது.

உங்கள் அப்பாருவோ அப்பிச்சியோ பிளஷர் வைத்திருந்தவர் என்றால், வண்டி போயிருந்தாலும் பீரோவில் ஆர்.சி. புத்தகம் கிடக்கலாம். பழுப்பு நிறத்தில், மூலை மடிந்து, நடுவில் பழைய வரி ரசீதுகளோடு இருக்கும். எஞ்சின் நம்பரை அடித்துவிட்டு வேறு நம்பர் எழுதியிருக்கிறதா, எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் போய் டீசல் வந்திருக்கிறதா, பக்கத்தில் ஆர்.டி.ஓ. முத்திரையும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.